சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரவும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. 35 வருடம் வகுப்பில் வரலாறு பேசியே பழகிவிட்டவளுக்குச் சுருக்கமாக எழுத வராது. எங்கள் அப்பாவோ வாழ்நாள் முழுக்கச் சுருக்கத்திலேயே பிழைத்தவர். தபால் தந்தி இலாகாவில் 1949 முதல் 1986 வரை தந்தி அடித்தவர்.

அப்பா போய் இன்றோடு ஓராண்டு. 94 வயது. பல்லில்லாத வாயால் முறுக்கைப் பாலில் ஊறவைத்துத் தின்றுகொண்டு, கொள்ளுப் பேரனோடு சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்துகொண்டு, கடைசி வாரம் வரை சிரித்துக்கொண்டே இருந்தவர். நிறைவாக வாழ்ந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான்.

ஆனால் அன்று விடியற்காலையில் நான் சொந்தபந்தங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியால் ஒரு மனத்தாங்கல் வந்தது. செய்தி இதுதான்: "அப்பா இன்று காலை 5 மணிக்குக் காலமானார். சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரவும்."

சாவுச் செய்தியில் என்ன விளையாட்டு என்று பலர் கேட்டார்கள். மற்றவர்களைச் சமாதானப்படுத்திவிட்டேன். சித்தப்பாவை மட்டும் முடியவில்லை. அப்பாவின் ஒரே தம்பி, இப்போது 89 வயது. வந்தார், மாலை போட்டார், ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம், "உங்க அப்பா அப்பவும் நிதானமாத்தானம்மா வந்தாக" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு ஒரு வருடமாக எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் இரண்டு வார்த்தைதான்.

அந்தச் செய்தியை நான் எழுதவில்லை, அப்பாதான் எழுதி வைத்திருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் ஆசிரியை ஆனபிறகு பிள்ளைகளுக்கு டல்ஹவுசி பிரபு காலத்துப் பாடம் நடத்துவேன். ரயில், தபால், தந்தி என்று மூன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் மருத்துவராக இருந்த ஓஷாக்னசி என்கிற அயர்லாந்துக்காரர்தான் இங்கே தந்திக்குப் பிள்ளையார் சுழி போட்டார். 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக் கம்பி. அடுத்த நாலைந்து வருடங்களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் கம்பியால் இணைந்துவிட்டன. 1855-ல் பொதுமக்களும் காசு கொடுத்துச் செய்தி அனுப்பலாம் என்று ஆனது. 1857 மே 11 அன்று டெல்லி தந்தி ஆபீசிலிருந்து அம்பாலாவுக்குப் போன எச்சரிக்கைதான், கிளர்ச்சிச் செய்தி ஆங்கிலேயருக்கு அவ்வளவு வேகமாகப் போய்ச் சேரக் காரணம்.

இதை வீட்டில் உட்கார்ந்து நான் பாடக்குறிப்பு எழுதும்போது அப்பா எட்டிப் பார்ப்பார். "டல்ஹவுசி பேரு இருக்கு. கம்பத்துல ஏறினவன் பேரு இருக்கா? ராத்திரி முழிச்சு உட்கார்ந்து அடிச்சவன் பேரு இருக்கா?" என்பார். பிறகு அவரே, "பேர் இருந்தா மட்டும் என்ன, நீ அதையும் ரெண்டு மார்க் கேள்வியா வெச்சு பிள்ளைங்களைப் படுத்துவே" என்று சிரிப்பார்.

நாங்கள் மாயவரத்தில் வளர்ந்தோம். இன்றைய மயிலாடுதுறை. அப்பா எனக்கும் தம்பிக்கும் மோர்ஸ் சொல்லிக்கொடுத்த விதம் வேறு எங்கும் கிடையாது. புள்ளி என்றால் குறில், கோடு என்றால் நெடில். அவ்வளவுதான் இலக்கணம். சாப்பாட்டுத் தட்டில் விரல் மோதிரத்தால் தட்டுவார். மூன்று குறில் என்றால் எஸ், அதாவது சாம்பார். குறில், நெடில், குறில் என்றால் ஆர், ரசம். இரண்டு நெடில் என்றால் எம், மோர். அம்மா எட்டாவது வரைதான் படித்தவள், ஆனாலும் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். கரண்டியால் பாத்திர விளிம்பில் ஒரு நெடில், ஒரு குறில் தட்டுவாள். அது என். 'நோ' என்று அர்த்தம். சாம்பார் தீர்ந்துவிட்டது.

சவுண்டர் என்கிற கருவியில் நெடிலுக்கென்று நீண்ட சத்தம் கிடையாது. இரண்டு 'டக்'குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வைத்துத்தான் குறிலா நெடிலா என்று பிரிக்க வேண்டும். சத்தம் கணீரென்று கேட்க அப்பா அதன் பின்னால் ஒரு காலி தகர டப்பாவை வைத்திருப்பார். "சத்தத்தை எவன் வேணா கேப்பான் பாப்பா. நடுவுல இருக்கிற சும்மாவைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்பார்.

வாழ்த்துத் தந்திகளுக்கு எண் உண்டு என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முழு வாக்கியத்தையும் அடிக்க வேண்டாம், எண்ணை மட்டும் அடித்தால் போதும். வந்து சேரும் ஆபீசில் அந்த எண்ணுக்கு உரிய வாழ்த்தை எழுதிக் கொடுப்பார்கள். 1 தீபாவளி, 8 திருமணம், 6 குழந்தை பிறந்ததற்கு வாழ்த்து. ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் கிறுக்கலாக எழுதிய 8 இன்னொருவர் கண்ணுக்கு 6 ஆகிவிட, முகூர்த்தப் பந்தலில் மாப்பிள்ளைக்குப் "புதுவரவுக்கு வாழ்த்துகள்" என்று தந்தி வந்துவிட்டதாம். இதை அப்பா நடித்துக் காட்டினால் பெண்ணின் தகப்பனார் முகம், மாப்பிள்ளை முகம், வாசித்துக் காட்டிய வாத்தியார் முகம் எல்லாம் வரும். எந்த ஊர், யார் கல்யாணம் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அங்கேதான் அவருடைய இன்னொரு முகம் இருந்தது. 1885-ஆம் வருட இந்தியத் தந்திச் சட்டப்படி, தந்தியில் இருப்பதை வெளியே சொல்லும் ஊழியருக்கு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை. சட்டம் இல்லாவிட்டாலும் அப்பா சொல்லியிருக்க மாட்டார். ஊரில் யார் கடனில் இருக்கிறார், யார் பையன் பட்டாளத்தில் காயம்பட்டான், எந்த வீட்டுப் பெண் பிறந்தகத்துக்குத் திரும்பி வரப்போகிறாள் என்பதெல்லாம் அந்த வீட்டாருக்கு முன்பே அவருக்குத் தெரியும். மாலையில் கடைத்தெருவில் அதே மனிதர்களோடு நின்று கதை பேசிச் சிரித்துவிட்டு வருவார். எதையும் காட்டிக்கொள்ள மாட்டார்.

இன்றைய பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் ஒரு பத்திரிகையின் பெயர். 1942-ல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ஒரு நாளிதழ் தொடங்கியபோது அதற்குத் தந்தி என்று பெயர் வைத்தார் என்றால், செய்தி என்பதற்கே அப்போது அந்தச் சொல்தான் அடையாளம். ஆனால் சாதாரண வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். "தந்தி!" என்று வாசலில் சத்தம் கேட்டால் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழுகை ஆரம்பித்துவிடும். பயத்தில் உடம்பு நடுங்கினால் 'கை கால் தந்தியடிக்கிறது' என்று இன்றும் சொல்கிறோமே, பொருத்தமான சொல்தான். வந்திருப்பது இங்கிலீஷில் இருக்கும். வாத்தியாரையோ படித்த பையனையோ தேடி ஓடவேண்டும்.

ஆபீசில் சைக்கிளில் போய்த் தந்தி கொடுக்கும் பியூன்களிடம் அப்பா ஒரு வார்த்தை வைத்திருந்தார். சில தந்திகளைக் கொடுக்கும்போது, "தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுக் குடுப்பா" என்பார். அவ்வளவுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார். பியூன் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். அவர்கள் செம்பில் கொண்டுவந்து தருவார்கள். இவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியைத் திண்ணையில் வைத்துவிட்டு, அதன்பிறகு தந்தியை எடுப்பார். படித்ததும் யாராவது மயங்கி விழுந்தால் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும். "உங்க அப்பா செஞ்ச ஒரே சட்டவிரோதம் அதும்மா" என்று ஓய்வு பெற்ற பியூன் ஒருவர், அப்பா இருக்கும்போதே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார். அப்பா, "ஏய், அது தாகம்ப்பா" என்று பேச்சை மாற்றினார்.

1978-ல் நான் வேலைக்குச் சேர்ந்த கிராமத்துப் பள்ளிக்கு ஒரு நாள் ஓர் அம்மாள் தலைவிரி கோலமாகத் தந்தியோடு ஓடிவந்தார், பின்னால் பத்துப் பேர். எனக்குக் கை நடுங்கியது. அப்பா நினைவு வந்தது. முதலில் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். பிறகு பிரித்தேன். மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, சேர்ந்துவிட்டான் என்ற செய்தி. அந்த அம்மாள் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் அழுதார். ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். "நல்ல சேதிக்கும் தண்ணி வேணும், பாத்தியா" என்றார்.

அவர் சிரிக்காமல் இருந்த நாட்களும் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே கடலுக்குள் போய்விட்டது. பாம்பன் பாலம் சிதைந்தது. கம்பிகள் அறுந்து கிடந்ததால் அந்தப் பக்கத்துச் செய்தி எதுவும் உடனே தெரியவில்லை. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போனவர்களின் உறவினர்கள் எங்கள் ஊர் ஆபீஸ் வாசலிலும் வந்து நின்றார்கள். அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அப்போது 9 வயது. மூன்றாம் நாள் வந்து தட்டின் முன் உட்கார்ந்தவர் எதையும் தட்டவில்லை. அம்மாவாகவே மோர் ஊற்றினாள். "பதில் வராத தந்தி எத்தனைன்னு எண்ணிட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

காலம் மாறிக்கொண்டே வந்தது. 1960-லேயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் நேரடியாக எஸ்.டி.டி. போட முடிந்தது. 80-களில் அது தெருவுக்குத் தெரு மஞ்சள் பெட்டிக்கடையாக வந்துவிட்டது. 1985-ல் தபாலும் தந்தியும் தனித்தனி இலாகாக்கள் ஆயின. அடுத்த வருடம் அப்பா ஓய்வு பெற்றார். 1995-ல் செல்போன். கடைசியில் 2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமையோடு தந்தி சேவை முடிகிறது என்று அறிவித்தார்கள். நான் ஓய்வு பெற்று அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "பாரு, உனக்கும் தந்திக்கும் ஒரே வருஷத்துல ரிட்டயர்மென்ட்" என்றார் அப்பா.

கடைசி நாளன்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 85 வயது. வேட்டி சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல வந்தார். வரிசை நீளமாக இருந்தது. பெரும்பாலும் வாழ்க்கையில் ஒரு தந்தியும் பார்த்திராத பிள்ளைகள், நினைவுக்காக அனுப்ப வந்தவர்கள். 50 சொல்லுக்கு 27 ரூபாய் என்று 2011-ல் ஏற்றியிருந்தார்கள். "50 சொல்லா! அத்தனை சொல்லை வெச்சுக்கிட்டு மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று அப்பா கேட்க, முன்னால் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அங்கேயே குறில், நெடில் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

அந்த வரிசையில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் அப்பா 1961-ஐப் பற்றிச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தாத்தா அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருந்தார். அங்கிருந்து கொடுக்கும் தந்தி பெரிய ஆபீஸ்கள் வழியாகக் கைமாறி வரும். மாயவரத்துக்குக் கடைசிக் கை திருச்சி. அங்கே அப்பாவுக்கு ஒரு சிநேகிதர். நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கம்பியில் தினமும் பேசுவார்கள். வேலை ஓய்ந்த ராத்திரிகளில் விடுகதை போட்டுக்கொள்வார்களாம். கையெழுத்து மாதிரி ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு வாகு உண்டு. முதல் எழுத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அந்தச் சிநேகிதர் ஒரு தந்தியை ஆரம்பித்தார். விலாசம் வந்தது. அப்பாவின் பெயர். அதன்பிறகு சவுண்டர் நின்றுவிட்டது.

"அவன் அப்படி நிறுத்துற ஆளே இல்ல, பாப்பா. அவன் நிறுத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, மேலே அனுப்பு என்று அப்பாவே தட்டியிருக்கிறார். வந்தது நான்கு சொல். ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இமிடியட்லி. தன் கையாலேயே எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அப்போது ஆபீசில் தந்திக்கு அவர் ஒருவர்தான். அடுத்த ஆள் வர 8 மணி ஆகும். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அப்படியே எழுந்து போயிருக்க வேண்டும். அவர் போகவில்லை.

"எனக்குப் பின்னால இன்னும் ரெண்டு அவசரத் தந்தி காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுவும் யாரோ ஒருத்தரோட அப்பாவோ அம்மாவோதானே. அவங்களுக்கும் ரயில் பிடிக்கணுமே."

அடுத்தவர் வந்தபிறகு கிளம்பி, ராத்திரி ரயிலேறி, மறுநாள் பிற்பகலில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினார். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ முகம் தெரியாத டீக்கடைக்காரர் தண்ணீர் தெளித்து, ஒரு வாய் குடிக்கவைத்து, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐஸ் பெட்டியெல்லாம் இல்லாத காலம், அதற்குமேல் வைத்திருக்க முடியாது. மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்துவிட்டார்.

பியூன்களிடம் தண்ணீர் கேட்கச் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"இமிடியட்லின்னு எத்தனை ஆயிரம் தடவை அடிச்சிருப்பேன்! அதை வாங்கினவங்க எல்லாம் வெறும் வயித்தோட ஓடியிருப்பாங்க. எனக்கு மட்டும் அந்தச் சொல்லைப் போட்டுடாதே. சாப்பிட்டுட்டு நிதானமா வரச் சொல்லு. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் முறை வந்துவிட்டது.

பாரத்தில் பெரிய எழுத்தில் அம்மாவுக்கு எழுதினார், வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன், மோர் தயாராக வை என்று. தந்தி மறுநாள்தான் வந்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்து ஒரு நெடில், ஒரு குறில் தட்டினாள். அம்மா 2016-ல் போய்ச் சேர்ந்தாள். அந்தத் தந்தி அவள் புடவைப் பெட்டியில் இருந்தது.

2019-ல் என் மகள் கல்யாணத்தின்போது அப்பா வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியது ஒரே ஓர் எழுத்து: 8. அடுத்த வருடம் பேரன் பிறந்ததும் 6. அதன்கீழே, "இந்த முறை வரிசை சரியாக உள்ளது" என்று ஒரு வரி.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும் உடனே போட மனம் வரவில்லை. இதில் சித்தப்பாவும் இருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். காது மந்தம், அதனால் சத்தமாக வாசித்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"சாப்பிடாமயா வந்தாக?"

"ஆமா சித்தப்பா."

"நான் கேட்டேனேம்மா. வாசல்ல வந்து நின்னப்ப, சாப்பிட்டீகளா அண்ணேன்னு கேட்டேன். ஆச்சு ஆச்சுன்னாக. சாப்பிட்டுட்டு ஆற அமர வந்திருக்காகன்னு நினைச்சேன். 60 வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தந்தியைக் குடுத்தது நான்தான். அம்பை ஆபீசுல போஸ்ட் மாஸ்டர்கிட்டச் சொல்லி எழுதி வாங்கினேன். என்ன எழுதணும்னு கூடத் தெரியாது. எல்லாரும் எழுதுறதையே எழுதச் சொன்னேன்" என்றார்.

நான் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார். திதிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இன்று காலை 7 மணிக்கே பேரனோடு காரில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் நின்றுகொண்டே, "சாப்பிடல. இங்க வந்து சாப்பிட்டுக்கலாம்னு வந்துட்டேன்" என்றார்.

இட்லி வைத்தேன்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் தந்தி ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் நாலைந்து சொல்தான் இருக்கும். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து மீதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.